பத்தாம் தேதி வரும் ஆறு எண்கள்

ஹவுரா

அன்பு மகள் கல்பனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. திருப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ அவசரத்தில் இருப்பாய், அதனால் எழுதுகிறேன்.

மாதாமாதம் பத்தாம் தேதி முதியோர் பென்ஷன் ஆயிரம் ரூபாயை வாங்க நான் படும் பாட்டை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. கப்பல் பட்டறையில் துரு சுரண்டிய விரலில் ரேகை எங்கே இருக்கிறது, மெஷின் ஏற்பதில்லை. ஆற்றுக்கு அக்கரையில், கார்டன் ரீச்சில் நம் பழைய வீட்டுக்குப் பக்கத்துச் சேவை மையத்தில் என்னைத் தெரியும், அங்கேதான் வங்கி போனுக்கு அனுப்பும் ஆறு எண்களைக் கேட்டுக்கொண்டு பணம் தருகிறார்கள். கணக்குத் தொடங்கியபோது என்னிடம் போன் இல்லை, உன் நம்பரைக் கொடுத்தோம். நீயோ காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குள் போனால் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுக்க முடியும். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். படகும் ஆட்டோவும் அறுபது, மையத்துக்காரருக்கு இருபது, ஒரு நாள் கூலி முந்நூற்றைம்பது, இவ்வளவும் போய் மிச்சம்தான் அரசாங்கம் எனக்குக் கொடுப்பது.

போன மாதம், நான் இப்போது காவலிருக்கும் லேத் பட்டறையின் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், இன்னொரு நாள் லீவு போட்டால் காவலுக்கு வேறு ஆள் வைப்பாராம். வேலை போனால் இந்த அறையும் போகும். அதனால் நேற்று சாப்பாட்டு நேரத்தில் இங்குள்ள வங்கிக் கிளைக்கு ஓடி, கணக்கில் என் நம்பரை மாற்றிவிட்டேன். பென்ஷன் நாளில் வங்கி வரிசை நகராது, ஆனால் இனி மையம் திறந்ததும் வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் பட்டறை வாசலுக்கு வந்துவிடலாம். அதுவரை லேத் ஓட்டும் கோபு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், முதலாளியும் சரி என்றார்.

வங்கியில் இருக்கும் வங்காளிப் பெண், என்னைக் காக்கு, சித்தப்பா என்பவள், இரண்டு வருஷமாகவே, ஒரே ஒரு ஃபார்ம்தான், மாற்றிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் தட்டிக் கழித்தேன். ஏன் என்று நீ திட்டுவாய். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நீ தவறாமல் கூப்பிடுவாய் கல்பனா. எண்களைச் சொல்லிவிட்டு, சாப்டியாப்பா என்று கேட்பாய். எண்கள் முதல் தரமே காதில் விழுந்திருக்கும், ஆனாலும் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தரம் சொல்லச் சொல்வேன். அதற்காக ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். உன் மேல் குறையில்லை, உன் வேலை அப்படி. இந்த அறையில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

மழையில் நனையாதே, ஹாஸ்டல் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, பத்தாம் தேதி மதியம் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். சொல்ல எண் எதுவும் இருக்காது, ஆனாலும் கூப்பிடு.

உன் அப்பா
பரமசிவம்