என் போட்டோவைக் காட்டி விற்ற பெல்ட்

ஜூன் 12, 2007. செவ்வாய்

வெயில். எண்ணூர்ப் பக்கத்துப் புகை மாடிவரை. காயப்போட்ட துணியெல்லாம் கரி. மறுபடி அலச வேண்டும்.

லேபில் குட்டி ரோபோ இன்று மூன்று விரற்கடை ஓடியது. ரோபோ என்று பெயர்தான்; முடியின் தடிமன்கூட இல்லாத இரும்புத் துகள். வெளியிலிருந்து காந்தம் இழுக்கிற பக்கம் போகும். மருந்தைக் கட்டிவரை சுமந்து போக வேண்டியது; இப்போதைக்கு மருந்துக்குப் பதில் நீலச் சாயம். கண்ணாடிக் குழாய், தண்ணீர். அவ்வளவே. பேராசிரியருக்கு ஏக சந்தோஷம்.

மாலை திருவொற்றியூர், கலா அக்கா வீடு. மார்பில் கட்டி. ஆறு கீமோவில் மூன்று முடிந்தது. நாலாவது?

"போவல."

ரவிக்கைக்கு மேல் அகலமாகக் கறுப்பு பெல்ட். உள்ளே வட்ட வட்டக் காந்தங்கள்.

"இன்னாக்கா இது?"

அவள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். போட் ஓட்டுகிறவர், குரலே சத்தம். "கேன்சர இழுத்துரும்மா! ராயபுரத்துல ஒரு கடைல குடுக்கறான். இத்த கட்னா கீமோ வாணாம்னுட்டான். வாந்தி கீந்தி ஒண்ணியும் கெடையாது."

கத்தினேன். அவர் பீரோவிலிருந்து லேமினேட் போட்ட பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினார்.

என் முகம். என் பெயர்.

ஜூன் 13. புதன்

தூக்கமில்லை. தலைவலி.

பிப்ரவரியில் லேபுக்கு வந்த நிருபரிடம் நான் சொன்னது:
– தண்ணீரில்தான் ஓடுகிறது.
– எலிக்குக்கூட இன்னும் போடவில்லை.
– மனிதருக்கு எப்போது வரும், தெரியாது.

பேப்பரில் வந்தது: "காந்தத்தால் புற்றுநோயை விரட்டும் வடசென்னைப் பெண்!"

மறுப்பு எழுதலாமா என்று பேராசிரியரிடம் அன்றே கேட்டேன். "பேர் வந்திருக்கு, விடும்மா." விட்டேன். விட்டது மட்டுமா? பத்துப் பிரதி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன். அக்காவுக்கும் நானேதான் கொடுத்தேன்.

ஜூன் 14. வியாழன்

அரை நாள் லீவு. ராயபுரம். கடைச் சுவரில் நான், ஆள் உயரத்துக்கு.

கடைக்காரனுக்கு வாயெல்லாம் பல். "மேடம், நீங்களா! ஒரு போட்டோ எட்த்துக்கலாமா?"

"இதுல ஒண்ணும் இல்ல. நானே சொல்றேன்."

"மருந்த காந்தம் இழுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"மருந்துல இரும்பு சேத்தா இழுக்கும். கட்டியில ஏதுய்யா இரும்பு?"

பெஞ்சில் இரண்டு பேர். தொப்பி போட்ட பெரியவர் எழுந்து போய்விட்டார். தலைமுடி கொட்டிய ஒரு பெண் மட்டும் அசையவில்லை. "நீ கெளம்பும்மா. உனுக்கு இன்னா, படிச்சவ. டாக்டர் என்ன கைவுட்டுட்டான்."

சுவரிலிருந்து என் போட்டோவைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 15. வெள்ளி

அக்கா தனியாக இருந்தாள்.

"அந்தாள நம்பியா கட்டிக்கினே?"

"அவன் யாரு எனுக்கு? போட்டோல நீ கீற. உன்னத்தான் நம்புனேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீ லேபு லேபுன்னு ஓடிக்கினுகீற. எப்ப கேக்கறது?" பெல்ட் ஓரத்தைத் திருகினாள். "கீமோ ஏத்துனா மீன் வாட கொமட்டுது. காசிமேட்ல மீன் விக்கறவ நான். கூடைய எப்டி தூக்குவேன், சொல்லு."

இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையாம். பெல்ட்டை அவளே அவிழ்த்தாள். காந்தம் அழுத்திய இடமெல்லாம் சிவப்புத் தடம்.

ஜூன் 18. திங்கள்

அக்காவோடு ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம் வரிசை. ஃபேன் ஓடவில்லை.

கட்டி பெரிதாகியிருக்கிறது. பழைய மருந்து இனி வேண்டாமாம். வேறு மருந்து, முதலிலிருந்து ஆறு.

டாக்டரம்மா கத்தினார். "யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான்."

அவள்மேலும் கோபம் வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் கேட்டது?

நர்ஸ் நரம்பு தேடினாள். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை.

"மொதல்லேர்ந்தாடீ?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

அடுத்த கையை நீட்டினாள்.