தொட்டிலுக்கு மேல் இருந்த சின்ன வண்டு

பாய், இன்று காலையில் கஞ்சி பல்லில் நறநறத்தது. நிமிர்ந்து பார்த்தால் பரண் பலகையிலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டுகிறது. பூச்சி தின்று கழித்த தூள். மூன்று தடவை வாய் கொப்பளித்தும் குமட்டல் நிற்கவில்லை. உடனே உங்கள் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை நினைக்க எனக்கு வாய்த்தது அத்தர் வாசனை இல்லை.

பசுவந்தனை ரோட்டில் உங்கள் விறகுக்கடையில் நான் விறகு பிளந்த காலம் அது. பச்சை மாமரத் தடியைப் பிளந்தால் உள்ளே விரல் தடிமனில் வெள்ளைப் புழு நெளியும். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் பால் கொழுக்கட்டையைத் தொட்டதில்லை. அந்தப் புழு வளர்ந்து ஆகிற வண்டு இன்னும் மோசம். சாம்பல் முதுகில் செம்புள்ளி, உடம்பைவிட நீளமான மீசை. பிடித்தால் கிரீச்சென்று கத்தும். நீங்களோ அதை வெறுங்கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். "அந்தக் கையால எனக்குப் பிரியாணி வெச்சிராதீங்க பாய்" என்று உங்களைக் கேலி செய்தே எனக்குப் பொழுது போகும்.

எனக்கு மகள் பிறந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தோம். தொட்டிலுக்கு மேலே, உத்திரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன வண்டு ஊர்ந்தது. அதற்கும் நீள மீசைதான். ஆனால் மங்கிய பழுப்பு, புள்ளி கிடையாது. உங்கள் கடைப் பூச்சியின் பிள்ளை முதலாளியைத் தேடி வந்திருக்கிறது என்றேன். என் மனைவிகூடச் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஏலே, இது அதோட பிள்ளை இல்ல, வேற வகையறா. அது பச்சை மரத்தத்தான் திங்கும். இது காஞ்ச மரத்துக்குள்ள வருஷக்கணக்கா கெடந்து திங்கும். பிள்ளையத் தூக்கு."

ஒரு பூச்சிக்கா இத்தனை பயம் என்று நான் இழுப்பதற்குள் நீங்களே பிள்ளையைத் தூக்கி என் மனைவியிடம் கொடுத்துவிட்டீர்கள். விரல் முட்டியால் உத்திரத்தைத் தட்டினீர்கள். காலி டப்பா மாதிரி சத்தம் கேட்டது. அரிவாள் நுனியால் குத்தினீர்கள். அது பாதி வரை இறங்கியது. மேலே காகிதம் போலத் தோல், உள்ளே முழுக்கத் தூளும் கொழுத்த புழுக்களும். எல்லாம் பொலபொலவென்று பிள்ளை படுத்திருந்த சேலையில் விழுந்தது. நான் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். புழுவைப் பார்த்து மட்டும் வந்த வாந்தி இல்லை அது, பாய்.

அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

பரண் பலகையைக் கழற்றி இப்போதுதான் எரித்தேன். எந்த மரத்தைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. போன மாதம் உங்களை அடக்கத்துக்குத் தூக்கிப்போகப் பள்ளிவாசலிலிருந்து மரச் சந்தூக்கு வந்தபோதும், யாரும் பார்க்காமல் அதன் நாலு காலையும் தட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அதன் பிறகுதான் தோள் கொடுத்தேன்.