பதினொரு முத்திரை பெற்ற கொம்பியூட்டர்

அம்பிட்டிய,
8.3.1998

அன்பு மகள் லீலாவுக்கு,

நான் சுகம். நீயும் கொழும்பு வெயிலில் கருகாமல் சுகமாயிருக்க நல்லூரான் துணை.

இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்துகொண்டு வாசி. நின்றபடி வாசித்தால் விழுந்துவிடுவாய். இனி நான் சொல்லப் போகும் கதையை இந்தத் தீவில் ஒரு மனிதனும் நம்பமாட்டான் என்று கதிர்காமக் கந்தன்மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். உன் தகப்பனின் ஒரே தம்பியும், முப்பத்தொரு வருடம் ரெலிபோன் கம்பங்களில் ஏறி இறங்கி ஓய்வுபெற்றவனும், அம்பிட்டிய மலைச்சாரலின் முடிசூடாத (முடியே இல்லாத) மன்னனுமாகிய தியாகராஜா, ஒரு கொம்பியூட்டரைப் படைக்கப் போகிறான். வாங்கப் போகிறான் என்று எழுதவில்லை, கவனி. படைக்கப் போகிறான். பிரமனுக்கு நாலு தலை தேவைப்பட்டது. எனக்கு ஒரு தலையும் ஒரு ஸ்குரூ ட்ரைவரும் போதும்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பாய். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு மனு எழுதுவிக்க வரும் கூட்டம் உனக்குத் தெரியும்தானே. போன கிழமை ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து கறுப்பையா வந்தார். மகளுக்கு அடையாள அட்டை இன்னும் கிடைக்கவில்லை. அட்டை இல்லாமல் இந்நாளில் ஒரு பிள்ளை பஸ் ஏற முடியுமா? "நாலு தடவ எழுதிப் போட்டோம்ங்கய்யா. கையெழுத்துன்னா குப்பக் கூடைக்குத்தான் போவுது. அச்சு மாதிரி அடிச்சுக் குடுங்க," என்றார். அந்தக் கணமே எனக்கு ஞானம் பிறந்தது. பிறந்த சத்தம் கண்டி வாவிவரை கேட்டதாம்.

பிலிமத்தலாவையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் பளீல் நானா கொழும்பிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தருகிறார். அவரும் தலையில் அடித்துக்கொண்டார். "மாஸ்டர், முழுசா ஒண்ட வாங்கினா என்ன? இந்த முஸீபத்து ஏன் உங்களுக்கு?"

நான் சொன்னேன்: "நானா, கடையில் வாங்கும் கொம்பியூட்டர் பேசிச் செய்த கலியாணம் மாதிரி. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும். திறந்தால் உத்தரவாதம் போய்விடும்."

நேற்று முதலாவது உறுப்பை, தாய்ப்பலகையை, பேப்பரில் சுற்றிப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்திலிருந்த அம்மா எழும்பி நின்று எனக்கு இன்னும் இடம் விட்டாள்.

இதையெல்லாம் ரெலிபோனில் சொல்லாமல் எழுதுவதேன் என்கிறாயா? லைனை யார் யார் கேட்பார்கள் என்று லைன் இழுத்தவனுக்குத்தான் தெரியும்.

உன் குஞ்சியப்பா,
தியாகராஜா

*

வெள்ளவத்தை,
15.3.1998

அன்புள்ள குஞ்சியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு முதலில் சிரித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை.

தை மாதம் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு கண்டியில் தமிழனின் பையில் ஒரு டோர்ச் பற்றரி இருந்தாலே பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிறார்கள் என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள். அதே கையால் வயரும் பலகையுமாக பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறுகிறேன் என்றும் எழுதுகிறீர்கள். அந்த அம்மா உங்களுக்கு இடம் விடவில்லை, குஞ்சியப்பா. பயந்து விலகியிருக்கிறாள்.

செல்வத்தை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் மூன்று வருடமாகிறது. என் தம்பியின் பையில் இருந்தது திருத்தக் கொண்டுபோன ஓர் உடைந்த ரேடியோ. அவ்வளவுதான். இன்றைக்கும் அவன் வரவில்லை. அப்பா அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்.

நான் வேலைசெய்யும் இடத்தில் விற்பதே கொம்பியூட்டர்தான். பெட்டி, சீல், பற்றுச்சீட்டு, ஒரு வருட உத்தரவாதம், எல்லாம் ஒழுங்காக இருக்கும். கொம்பனிப் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்து ஒருவரும் பயப்படுவதில்லை. ஒன்று அனுப்பட்டுமா? தயவுசெய்து "ஓம்" என்று எழுதுங்கள்.

வாசலில் போட்டிருக்கும் துணியைக் காற்று ஆட்டினாலும் இப்போதெல்லாம் யாரோ வாறாங்கள் என்று எழும்புகிறேன்.

அன்பு மகள்,
லீலா

*

அம்பிட்டிய,
5.4.1998

என் அருமை லீலா,

"ஓம்" என்று எழுதச் சொன்னாய். "இல்லை" என்பதை அதைவிட அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன், பார்த்து மகிழ்.

இனி நான் செய்த ராசதந்திரத்தைக் கேள். தமிழ் வீடென்றால் இருக்கிறவர்களின் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும்; ஓர் இரவு தங்க வருபவரையும் பதிய வேண்டும். சட்டம் சட்டம்தானே! ஆகவே தாய்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போய்ப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பினேன். பெயர்: தாய்ப்பலகை. பிறந்த நாடு: தாய்வான். உறவுமுறை: தத்துப்பிள்ளை. தங்கும் காலம்: நிரந்தரம்.

மேசையில் இருந்த சார்ஜனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர், இது ஆள் இல்லே. சாமான்."

"மாத்தையா, போன மாதம் வீடு சோதிக்க வந்து என்னைச் சாமான் மாதிரிப் புரட்டிப் பார்த்தீர்கள். இந்த மாதம் சாமானை ஆள் மாதிரிப் பதிந்தால் கணக்குச் சரியாகிவிடும்."

"பைத்தியமா மாஸ்டர் உங்களுக்கு?"

"அதற்குப் படிவத்தில் இடம் விடவில்லையே."

அவர் என்னைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார், பிறகு பெரிய கொப்பியைத் திறந்து எழுதி, என் பிரதியில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். குத்திய குத்தில் மகாவலி ஒரு நிமிடம் ஓடாமல் நின்றது. நம்பாவிட்டால் மகாவலியைக் கேள்.

அன்றிலிருந்து எந்த உறுப்பு வந்தாலும் பளீல் நானா கடை, பஸ், பொலிஸ், அதன் பிறகுதான் வீடு. இதுவரை ஏழு முத்திரை. சார்ஜன் இப்போது தூரத்தில் என்னைக் கண்டதுமே கொப்பியை எடுத்து வைக்கிறார். நினைவகத் துண்டைக் காட்டியபோது, "இவ்வளவு சின்னதா? இதுக்கும் ஒரு பக்கமா?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

இனிக் கேலியில்லாமல் ஒரு பந்தி எழுதுகிறேன். செல்வத்தின் பையில் இருந்தது ரேடியோ என்று எந்தக் கொப்பியிலும் ஒருவரும் எழுதவில்லை. எழுதாதபடியால் எது வேண்டுமானாலும் இருந்ததாக அவர்களால் சொல்ல முடிந்தது. நான் ஒளித்துக்கொண்டு போகமாட்டேன். விட்டுவிட்டும் இருக்கமாட்டேன். என் சாமானை அவர்கள் கொப்பியில், அவர்கள் பேனையால், அவர்களே எழுதட்டும்.

கேலி மீண்டும் தொடங்குகிறது. உன் சீல் வைத்த பெட்டியை உன் முதலாளிக்கே பரிசளித்துவிடு.

குஞ்சியப்பா

*

வெள்ளவத்தை,
22.4.1998

குஞ்சியப்பா,

உங்கள் வீரம் பொலிஸ் கொப்பியில் இருக்கட்டும். எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

நான் உங்களைக் கேட்காமல் வாங்கிவிட்டேன். முழுக் கொம்பியூட்டர், திரையோடு. 28ஆம் திகதி செவ்வாய்க்கிழமை எங்கள் கொம்பனிக்கு வழமையாகச் சாமான் ஏற்றும் லொறியில் கண்டிக்கு வரும். பெட்டியில் உங்கள் பெயரும் விலாசமும் எழுதியிருக்கிறேன். பற்றுச்சீட்டு பெட்டிக்குள்ளே இருக்கிறது. பின்பக்கத்து ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். கிழித்தால் உத்தரவாதம் செல்லாது.

இனி ஒரு துண்டு வயரையாவது பஸ்ஸில் கொண்டுபோனீர்கள் என்று கேள்விப்பட்டால், எனக்குக் குஞ்சியப்பா என்று ஒருவர் இல்லை என்றே நினைத்துக்கொள்வேன். கோபத்தில் எழுதவில்லை. மூன்று வருடமாகக் காத்திருந்து களைத்துவிட்டேன். இன்னொருவருக்காகக் காத்திருக்க என்னால் ஏலாது.

லீலா

*

வெள்ளவத்தை,
6.5.1998

அன்புள்ள குஞ்சியப்பா,

எங்கே இருக்கிறீர்கள்?

லொறிக்காரர் திரும்பி வந்து சொன்னார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்களாம். சீல் வைத்திருக்கிறது, எனக்குத் தெரியாது என்றாராம். கத்தியால் கிழித்துப் பார்த்து, பெட்டியை இறக்கிவிட்டு, விலாசத்தையும் எழுதி எடுத்தார்களாம். அடுத்த நாள் உங்கள் வீட்டு வாசலில் ஜீப் நின்றதாக பளீல் நானா ரெலிபோன் எடுத்துச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

ஒன்றும் நடக்கக் கூடாது என்றுதானே வாங்கினேன். பற்றுச்சீட்டைப் பெட்டிக்குள்ளே வைத்தது நான்தான். வெளியே ஒட்டியிருக்க வேண்டும். ஒருத்தருக்கும் அது தெரியாமல் போயிற்று.

எத்தனை துண்டு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். யானையைக்கூட பஸ்ஸில் கொண்டுபோங்கள். ஒரு வரி எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

லீலா

*

அம்பிட்டிய,
14.5.1998

என் தங்க மகள் லீலாவுக்கு,

பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். என் வாழ்நாளில் இப்படியொரு அனுமதிப்பத்திரம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே கேள்.

பதின்மூன்று நாள் நான் அரசாங்க விருந்தாளி. அழைத்துப்போக ஜீப் அனுப்பினார்கள். எனக்கென்று ஒரு மண்டபம். அதிலே எனக்குச் சேவகம் செய்ய இன்னும் பதினெட்டுப் பேர். எல்லாரும் தமிழர், என்ன மரியாதையான பிள்ளைகள்! ஒருவர் படுத்தால் மற்றவர் நிற்கும்படி ஒழுங்கு. காலையில் பாற்சோறு, மத்தியானம் பதினாறு கறி, மாலையில் பாயாசம். குளிக்கப் பன்னீர். பெரிய பெரிய அதிகாரிகள் வரிசையாக வந்து, ஒரே கேள்வியை நூறு விதமாகக் கேட்டார்கள். கொம்பியூட்டரைப் பற்றி அறிய அவர்களுக்கு அப்படியொரு தாகம். வந்தவரெல்லாம் என் வலது கையைப் பிடித்துக் குலுக்கியதில் அது இப்போது ஓய்வெடுக்கிறது. இந்தக் கோழிக்கிறுக்கல் இடது கையின் கைவரிசை. மனுக்களுக்கு இனி இரண்டு கையெழுத்து, இரண்டு ஆசாமிகள் எழுதியது மாதிரி.

பதின்மூன்றாம் நாள் நம்முடைய சார்ஜன் பெரிய கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. மேலதிகாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். தாய்ப்பலகை, நினைவகம், விசைப்பலகை, அச்சுப்பொறி என்று பதினொன்றும். "சேர், இந்த மனுசன் ஒரு வயர் வாங்கினாலும் எங்ககிட்ட வந்து எழுதுறார். மறைக்கிறவன் எழுதுவானா?" என்று சிங்களத்தில் கேட்டார். அதிகாரி முத்திரைகளை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். பிறகு என்னைப் பல்லக்கில் ஏற்றி, மேளதாளத்தோடு, முன்னால் ஐம்பது யானை நடக்க, அம்பிட்டிய ஏற்றத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நீ பெட்டியில் அனுப்பிய ரெடிமேட் மாப்பிள்ளையும் ஒரு சாக்கில் வந்து சேர்ந்தார். உத்தரவாத ஸ்டிக்கரைக் கத்தி சரியாக நடுவால் கிழித்திருக்கிறது. ஆகவே வாங்குவதா, கட்டுவதா என்று நீயும் நானும் இனிச் சண்டைபிடிக்க வேண்டியதில்லை. திரைக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்குக் குறையாயிருந்ததும் திரைதான். அதை என் படைப்புக்கு வைக்கிறேன். மிச்சத்தையும் கழற்றி, வேண்டியதைப் பொருத்தப் போகிறேன். நீ அனுப்பியதால்தான் இதெல்லாம் வந்தது என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாயோ, இந்த இடது கையாலேயே குட்டுவேன். பெட்டியைக் கிழித்தது நீயல்ல. ஜீப்பை அனுப்பியதும் நீயல்ல. அவர்கள் செய்ததை உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரியாதே.

ஒன்று மட்டும் உன்னிடம் ஒளிக்கமாட்டேன். இந்தத் திரை இன்னும் பதியப்படவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதே பொலிஸ், அதே மேசை, பன்னிரண்டாம் முத்திரை. பளீல் நானா, "போதும் மாஸ்டர், அல்லாவுக்காக வீட்டிலயே இருங்க," என்று கெஞ்சினார். கடைசியில் தன் வானிலேயே கூட்டிப்போவதாகச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை கறுப்பையா வரும்போது அவர் மகளின் மனு அச்சில் இருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்து நான் நிறுத்திவிட்டேன் என்று அந்த ஜீப்காரர்கள் நினைக்கக் கூடாது. பயம் வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாற்சோறு பொய். பன்னீர் பொய். பல்லக்கும் யானையும் கலப்படமில்லாத பொய். கை குலுக்கியதைப் பற்றி நீ ஒருபோதும் கேட்காதே, நானும் சொல்லமாட்டேன். சார்ஜனும் கொப்பியும் உண்மை; நீ கேட்ட அந்த ஒரு வரியும் உண்மை. அதை நம்பு, மகள்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். 

உன் குஞ்சியப்பா,
தியாகராஜா