ஒரே எண்ணில் இரண்டு வீடு

வெனிஸ்,
4 நவம்பர் 1974

அன்புள்ள இல்ஸே அண்ணிக்கு,

துல்லியோ அண்ணனின் தங்கை நெரீனா எழுதுவது. நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் நீங்களும் அண்ணனும் குழந்தை உல்ரிகேயும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கடைசி வரி வரை படியுங்கள். பிறகு கிழித்துப் போடுவதானால் போடுங்கள்.

முதலில் வழி. ஹாம்பர்க்கில் ரயில் ஏறி மியூனிக்கில் மாற வேண்டும். மெஸ்த்ரே என்ற பலகையைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள், அது கரையிலிருக்கும் ஊர். அதற்கடுத்த ஸ்டேஷன்தான் எங்களுடையது. படியிறங்கி இடப்பக்கம் நடந்தால் நாலு மூலையிலும் கூரான கல்தூண் வைத்த பாலம் வரும். அதைத் தாண்டினால் காய்கறிச் சந்தை. சந்தை முடிந்ததும் இடப்பக்கம் திரும்பினால் மிசெரிகோர்தியா கால்வாய்க்கரை. யாரிடமும் வழி கேட்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் "நேரா போங்க" என்றுதான் சொல்வார்கள். நேராகப் போனால் தண்ணீரில்தான் விழ வேண்டும்! வீட்டு எண் 2716, பேட்டை கன்னரேஜோ. பேட்டைப் பெயரை மட்டும் மறக்கவே கூடாது.

ஏழு வருடத்துக்கு முன் உங்களை வரச்சொல்லி நான் எழுதிய விலாசத்தில் அந்தப் பெயர் இல்லை, அண்ணி. இங்கே தெருவுக்குத் தெரு எண் கிடையாது. பேட்டை முழுவதற்கும் ஒரே வரிசை, அடுத்த பேட்டையில் மறுபடி ஒன்றிலிருந்து. எங்களுக்குள் எண்ணை மட்டும் சொல்லியே பழகிவிட்டோம், தபால்காரருக்கும் எங்களைத் தெரியும். அந்த நினைப்பில் '2716, வெனிஸ்' என்று எழுதித் தொலைத்தேன். அண்ணனுக்கு லீவு கிடைக்காமல், அந்தக் காகிதத்தை நம்பி நீங்கள் தனியாகப் போய் நின்றது கஸ்தெல்லோ பேட்டையின் 2716.

இது எனக்கே போன திங்கட்கிழமைதான் தெரிந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். நர்ஸ் விலாசம் கேட்டதும் வழக்கம்போல எண்ணைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அமாபிலே என்ற விதவை அம்மாள் திரும்பி, "அட, அது என் வீட்டு நம்பராச்சே! ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு ஜெர்மன் பொண்ணு கைக்குழந்தையோட வந்து, ஒரெஸ்தே வீடு இதுதான்னு அழுதுச்சு. அப்படி யாரும் இங்க இல்லம்மான்னு கதவச் சாத்திட்டேன். மழை வேற கொட்டுச்சு, பாவம்" என்றார். அப்பாவின் பெயரைக் கேட்டதும்தான் அந்தப் பெண் நீங்கள் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டுக் கதவைத்தான் உங்கள் முகத்தில் சாத்தினோம் என்று இத்தனை வருடம் நினைத்திருப்பீர்கள். அன்று அப்பா காலை எட்டு மணிக்கே சவரம் செய்து கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். போரில் இரண்டு வருடம் உங்கள் நாட்டு முகாமில் அடைபட்டுக் கிடந்த மனிதர், ஜெர்மன் மருமகள் படியேறக் கூடாது என்று குதித்தவர், அன்று பேத்தியிடம் 'வா' என்று சொல்ல அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் கோட்டைக் கழற்றி, "நம்மள அவ மனுஷனாவே மதிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். அண்ணனிடமிருந்து 'என் மனைவியை வாசலோடு துரத்தினீர்கள், இனி எழுதாதீர்கள்' என்று கடிதம் வந்தபோது, பொய் வேறு சொல்கிறாள் என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. பன்னிரண்டாம் தேதி செவ்வாய் காலை அறுவைச் சிகிச்சை. தள்ளிப்போட வழியில்லை. பதினாலு அமாவாசை, அதை ஒட்டிக் கடல் பொங்கிக் கால்வாயில் தண்ணீர் ஏறினால் ஆஸ்பத்திரிப் படகு எங்கள் பாலத்தடியில் நுழையாது. தண்ணீர் வடியும்வரை கட்டி பொறுக்காது என்கிறார் டாக்டர்.

நடந்ததை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள், "அந்தப் பொண்ணு குழந்தையத் தூக்கிக்கிட்டு மழையில நின்னப்போ நான் இங்க உக்காந்து அவளத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அவகிட்ட மன்னிப்புக் கேக்காம படகுல கால் வைக்கமாட்டேன். டாக்டர் கத்தினா கத்தட்டும், கடைசி ஜெபத்துக்குப் பாதிரியார வரச் சொல்லு" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். மனிதர் அசையவில்லை.

அண்ணன் முடியாது என்றுதான் குதிப்பார், அவரும் அதே ரத்தம்தானே. அவர் வராவிட்டால் நீங்களும் குழந்தையும் வாருங்கள், அண்ணி. உங்களைக் கூப்பிட எனக்கு வாய் கூசுகிறது. என்னை மன்னிக்க வேண்டாம். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன்.

மேலே எழுதிய வழியைக்கூட நம்ப வேண்டாம். நான் எழுதியதை நம்பி நீங்கள் ஒரு தடவை பட்டது போதும். எட்டாம் தேதியிலிருந்து ஸ்டேஷன் படியில் நிற்பேன். எந்த ரயில் என்று எழுத வேண்டாம், எல்லா ரயிலுக்கும் நிற்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஒரு பெண்குழந்தையோடு இறங்குகிற ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள்தான் எங்கள் இல்ஸேயா என்று கேட்பேன்.

கடவுள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் நாத்தனார்,
நெரீனா