சேதி போய்ச் சேரும் வரைக்கும்

என் அன்பு அத்தான்,

உங்கள் கட்டிலில் இன்னும் ஒருவரையும் படுக்க நான் விடவில்லை. விடுதிப் பொறுப்பாளர் இரண்டு தரம் வந்து கேட்டார். ஜெர்மன்காரரின் டொச் மொழி விளங்காதவன்போலத் தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு நடிப்பு மட்டும் எனக்கு நன்றாக வருகிறது.

நீங்கள் எடுத்துவந்த அந்தச் சுவீடன் கவிஞரின் புத்தகத்தையும் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை. விண்வெளியில் வாழும் மனிதர்களைப் பற்றிய கவிதைகள். அகதி விடுதிச் சமையலறையில் பருப்பை அவியவிட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, டொச் மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தமிழில் சொல்லுவீர்கள். "பூமியிலயே இருக்க விடுறாங்களில்லை, வானத்தில இருக்கிற கதை எங்களுக்கு என்னத்துக்கு அத்தான்?" என்று கேட்டேன். "பொறடா, இதுதான் எங்கட கதை" என்றீர்கள்.

அதில் ஒரு கவிதை. தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிற கப்பல். பூமியில் இருக்கிற ஒருத்தியின் குரல் அங்கே போய்ச் சேர ஒரு வருடம் ஆகும். சாப்பிட்டீர்களா என்று புருஷனைக் கேட்கிறாள். அவன் இறந்துவிட்டான். கப்பலில் உள்ளவர்கள் கூடி யோசித்து, பதில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வந்த கோபம்! பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. "அவள் சாகுமட்டும் காத்துக்கொண்டெல்லோ இருக்கப்போறாள்! அநியாயம் பிடிச்சவங்கள்!" ஒரு சுவீடன் கவிஞரை யாழ்ப்பாணத் தமிழில் திட்டிய முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும்.

அடுத்த கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

உங்களுக்காகக் காத்திருக்கும் அக்காவுக்கு எப்படிச் சொல்வது, நீங்கள் போய்விட்டீர்கள் என்று? ஊரில் சண்டை. தபால் இல்லை, தொலைபேசி இல்லை. தந்தி கொழும்போடு நின்றுவிடுகிறது. அகதி வழக்கு முடியும்வரை இந்தக் கார்ல்ஸ்ரூஹே நகர எல்லையைத் தாண்டவே எனக்கு அனுமதி இல்லை, ஊருக்கு எங்கே போவது?

இதற்குள் அக்கா பேசி அனுப்பிய கசட் ஒன்று யார் யார் கையிலோ மாறி வந்து சேர்ந்தது. உங்களுக்குத்தான். நான் கேட்டேன். "இஞ்சாருங்கோ, குளிருக்குக் காலுக்கு மேஸ் போடுறனீங்களோ? ஏன் உங்கட சத்தத்தையே காணேல்லை? தம்பியோட சண்டைக்குக் கொழுவாதேங்கோ, அவன் பாவம்." அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் கொழும்பிலிருந்து பரமேசக்கா தொலைபேசி எடுத்தார், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். பாதை கொஞ்சம் திறந்திருக்கிறதாம், இன்று விடிய ஊருக்குப் புறப்படுகிறாராம். "உன்ர அக்காவுக்கு ஏதும் சொல்லவேணுமோ தம்பி? அத்தான் சுகமோ?" என்றார். ஓம், சுகம் என்று வாய்வரை வந்தது. உங்கள் கோபம் நினைவுக்கு வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"ஐயோ, இதை நான் எப்பிடியடா கொண்டுபோறது? என்னைக் கண்டதும் அவள் பொட்டும் பூவுமா ஓடிவருவாளே!" என்று அழுதார். ஆனால் ஏலாது என்று சொல்லவில்லை.

நான் செய்தது சரிதானா அத்தான்? உங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பேன்?

பரமேசக்கா இப்போது பஸ்ஸில் இருப்பார். எங்கெங்கே மறிக்கிறார்களோ, எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ. அவர் படலையைத் திறக்கும்வரை அக்காவுக்கு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இன்றைக்கும் முகம் கழுவி, பொட்டு வைத்து, உங்கள் குரலுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.

இனி அவள் என்ன கேட்டு அனுப்பினாலும் ஒன்றையும் ஒளிக்காமல் நான் பதில் சொல்லுவேன். அது என் பொறுப்பு. இந்த ஒன்றிரண்டு நாள் மட்டும் அவளுக்காக இருங்கோ அத்தான்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்களுக்கும் தம்பி.