உள்ளே இருப்பவர்களின் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு தேவலாம். நீ அங்கே நன்றாக இருப்பதை உன் சித்தி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். அவள் சொல்வதில் பாதி நிஜமாக இருந்தாலும் எனக்குப் போதும்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் அங்கே குளிரா, இங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். ஏழு மாதமாக அதுவும் இல்லை. கடிதத்தில் யாரும் நடுவில் வைத்துவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது. ரிப்பேர் செய்ய வந்தவர், "டார்ச் பிடிக்க ஆள் வேணும், வீட்ல வேற யாரும் இல்லையா சார்?" என்று கேட்டார். நானே பிடித்தேன், முக்கால் மணி நேரம். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் இரண்டு பேர் இருந்த மாதிரி இருந்தது. அவர் போன பின்னும் அந்தக் குழாயை வேலையில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சொல்ல வந்தது வேறு. புதன்கிழமை எங்கள் ஃபேக்டரியில் ஒரு விபத்து. உனக்குத்தான் தெரியுமே, காய்கறிகளை நறுக்கி உறைய வைத்து அனுப்புகிற இடம். குளிரூட்டும் குழாய்களில் அம்மோனியா ஓடும். காலை பத்தரைக்கு மெஷின் ரூமில் ஒரு குழாய் விரிசல் விட்டு வாயு கசிந்தது. சங்கு ஊதியது, கரண்ட் தானாக நின்றது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கார் நிறுத்துகிற மைதானத்துக்கு ஓடினோம்.

அங்கே பெயர் கூப்பிடுவது என் வேலை. மனிதவள அதிகாரியென்று முப்பது வருஷமாகப் போர்டு மாட்டிக்கொண்டு இருக்கிறேனே, பட்டியல் என் கையில்தான் இருக்கும். நூற்று எண்பத்து நான்கு பெயர். ஒன்று விடாமல் கூப்பிட்டேன், எல்லோரும் குரல் கொடுத்தார்கள். தீயணைப்பு அதிகாரி வந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று சொன்னேன். பட்டியலில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

குட்டிம்மா, அது நிரந்தர ஊழியர்களின் பட்டியல். நீலச் சட்டைக்காரர்கள். ஏஜென்சி மூலம் வருகிற ஒப்பந்த ஆட்கள் நூற்று இருபத்தேழு பேர் சாம்பல் சட்டை. முதுகில் எண் மட்டும் இருக்கும். அவர்களுக்குப் பின்பக்க கேட், தனி பஸ். அவர்களை எண்ண வேண்டியவர் ஏஜென்சி சூப்பர்வைசர். அவர் அன்றைக்கு ஆட்களை இறக்கிவிட்டு வேறொரு ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். ஐந்தடி கூட இருக்க மாட்டார், அதனாலேயே எல்லோரும் அவரை "உயரம்" என்று கூப்பிடுவார்கள். அவர்தான் சாம்பல் சட்டைக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், மூணாம் ரூம்ல பெட்டி அடுக்குற அக்காவக் காணோமே" என்றார். யார் என்று கேட்டேன். "நாப்பத்தேழு சார், அந்த அக்காதான்" என்றார். நான் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினேன். அதில் எதைத் தேடினேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் அறை குளிர் அறை. பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு. முகமூடி போட்டவர்கள் உள்ளே போய் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தபோது சங்கு ஊதி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆபீசில் மத்தியானம் என் மேஜைக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். நான் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவருக்கு ஏதோ ஓலை வரப்போகிறது என்று ஊரே பேசும். அதனால் உனக்கு எழுதிவிட்டேன்.

பதில் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை.

உன் அப்பா


சனிக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் கார்டு வந்தது. "கடிதம் கிடைத்தது. அந்த அக்கா எப்படி இருக்கிறார்?" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைக் கண்ணாடி போட்டும் படித்தேன், கழற்றிவிட்டும் படித்தேன்.

பிழைத்துக்கொண்டாள். இடது கையில் இரண்டு விரல் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உன்னைவிட நான்கைந்து வயது கூட இருப்பாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாமென்றேன்.

அந்த அறையின் கதவு மோட்டாரில் ஓடுவது, தொங்குகிற கயிற்றை இழுத்துத் திறப்பார்கள். கரண்ட் நின்றால் கயிறு வேலை செய்யாது. அதற்காகவே உள்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் வைத்திருக்கிறது. அழுத்தினால் கதவு திறக்கும். நீலச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சேர்ந்த முதல் நாளே அதைக் காட்டுவோம். இவளுக்கு யாரும் காட்டவில்லை. மூன்று வருஷமாக அந்த அறையில் வேலை பார்க்கிறாள். குமிழ் இவள் தோளுக்கு நேரே, பனிக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

கதவைத் தட்டவில்லையா என்று கேட்டேன். மெதுவாகத் தட்டினாளாம். வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம்கூட முதலில் கேட்டதாம். ஏன் மெதுவாக என்றேன். "நாந்தான் எதையோ தப்பா அமுக்கி லைட்டெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன் சார். கத்தி ரகளை பண்ணா வேற ஆள மாத்திடுவாங்களே" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் உரித்து முடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கூட்டம் போட்டார். இது ஏஜென்சி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நம் ஆள் இல்லையே என்றார். வக்கீல் ஒருவரும் வந்திருந்தார். அவர்களை நம் பட்டியலில் சேர்த்தால் நாளைக்கு நிரந்தரமாக்கு என்று கேட்பார்கள், நீங்களே வழி காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று பயமுறுத்தினார். பேச்சு முடிகிற நேரத்தில், இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் சுற்றறிக்கை இருக்கிறதே என்று ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார் மேனேஜர். எட்டு வருஷத்துக்கு முந்தையது. ஒப்பந்த ஆட்களுக்குத் தனிக் கேட், தனிச் சட்டை, நமது பயிற்சியிலும் பதிவேட்டிலும் சேர்க்கக் கூடாது, ஆண்டு விழாவுக்கு அழைக்கக் கூடாது. பன்னிரண்டு விதி. கீழே கையெழுத்து என்னுடையது. அப்போது இதற்காக எனக்குக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள்.

இதை நான் எழுதினேன், நானே மாற்றி எழுதுகிறேன் என்றேன். யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும், இந்த நிமிஷம் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தானே சார், எதுக்கு என்றார்.

எதுக்கு என்று அவரிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். நீ கிளம்பின அன்று விமான நிலையத்தில் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது ஞாபகம் இருக்கும். "ஏஜென்சி மூலமா ஒரு லேப்ல போய் நிக்கிறது ஒரு வேலையாம்மா? எங்க ஃபேக்டரியில அந்த மாதிரி ஆளுங்கள நாங்க ஆளாவே எண்ண மாட்டோம்" என்றேன். உனக்குப் புத்தி சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். நீ பெட்டியை வாங்கிக்கொண்டு போனாய்.

இதற்குமேல் இன்றைக்கு எழுத ஓடவில்லை.

உன் அப்பா


வெள்ளிக்கிழமை

என் அன்பு மகளுக்கு,

இந்த மாதம் உன் கார்டு வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நான் என் பாட்டுக்கு எழுதுகிறேன்.

நினைத்ததில் பாதி நடந்தது. தனி பஸ் அப்படியேதான் இருக்கிறது. சட்டை நிறத்தையும் மாற்ற முடியவில்லை. ஏஜென்சி முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் தைத்தாகிவிட்டது. பின்பக்க கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எல்லோரும் ஒரே வாசல், ஒரே பதிவேடு. முதல் நாள் பயிற்சியும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நம் ஆட்களே முறுக்கிக்கொண்டார்கள். கலந்துவிட்டால் நாளைக்கு எங்களையும் சாம்பல் சட்டை போடச் சொல்வீர்களா என்று சங்கத் தலைவர் நேரடியாகக் கேட்டார். அப்படி ஒரு தாள் வந்தால் என் கையெழுத்து அதில் இருக்காது, அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

முதல் பயிற்சியில் நீலம் ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம் என்று கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்தார்கள். உயரம்தான் எழுந்து போய்ச் சாம்பல் வரிசை நடுவில் உட்கார்ந்தார். "முன்னாடி ஒண்ணுமே தெரியல சார், எல்லாம் பெரிய தலையா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்தார்கள். பிறகு இரண்டு மூன்று பேர் இடம் மாறினார்கள்.

பச்சைக் குமிழை எப்படி அழுத்துவது என்று காட்டியது யார் தெரியுமா? அவளேதான். திரும்பி வந்துவிட்டாள், இப்போது குளிர் அறையில் இல்லை, லேபிள் ஒட்டுகிற பிரிவில். எல்லோரையும் மூன்றாம் அறைக்கு அழைத்துப் போய் விளக்கை அணைக்கச் சொன்னாள். "இருட்டுல தடவிப் பாருங்க, வெளிச்சத்துல பாத்தா மறந்துடும்" என்றாள். நானும் இருட்டில் நின்று தடவினேன். கிடைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நேற்று ஒத்திகை நடந்தது. முந்நூற்றுப் பதினோரு பெயரையும் நானே கூப்பிட்டேன். பதிமூன்று நிமிடம் ஆயிற்று, தொண்டை கட்டிவிட்டது. சிலருக்குத் தங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்பதே உடனே உறைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வாரம் புதுப் பதிவேட்டுக்காக எல்லோரிடமும் ஒரு படிவம் கொடுத்தோம். அவசரமென்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். பெயர், உறவு, போன் நம்பர். அவள் அதைக் காலியாக விட்டுக் கொடுத்தாள். ஏனம்மா என்று கேட்டேன். "யாரப் போடறது சார்? அம்மா எங்கேயோ தூரத்துல இருக்காங்க. சொன்னாலும் வந்து சேர ரெண்டு நாளாகும். வந்து என்ன பண்ணப் போறாங்க?" என்றாள். வர வேண்டாமம்மா, தெரிந்தால் போதும் அவர்களுக்கு என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை வாங்கி எழுதினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

குட்டிம்மா, அந்த லேபிலும் உன்னிடம் அப்படி ஒரு தாள் வாங்கியிருப்பார்கள். வாங்காவிட்டால் நீயே போய்க் கேள், கூச்சப்படாதே. உன் பெயர் யார் பட்டியலில் இருக்கிறது, அந்தக் கட்டடத்தின் கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும் என்றும் கேட்டு வைத்துக்கொள். அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதியிருக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன். உன் சித்தி பெயராக இருந்தால் நல்லது, அப்படியே இருக்கட்டும்.

காலியாக இருந்தால் என் நம்பரை எழுதி வை. பழைய நம்பர்தான், மாற்றவில்லை. நான் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். வந்தும் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாது. ஆனால் வருவேன். உறவு என்று கேட்டிருக்கிற இடத்தில் அப்பா என்று எழுதக் கை வராவிட்டால் அதை மட்டும் விட்டுவிடு. நம்பர் இருந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா