அடுத்தது எப்போது வாங்குவீர்கள்?

அண்ணா,

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று இன்று காலை அதைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தினேன். ஈரத்துணியால் துடைக்கும்போது மேல் மூலையில் ஏதோ தட்டுப்பட்டது. சந்தனம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நீங்கள் மோதிர விரலால் வைத்த பொட்டு. பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே அடுத்த வருடப் பொட்டை வைப்பீர்கள். அது பருத்துக் காய்ந்து சிறு பொருக்காக நிற்கிறது. நடுவில் குங்குமம் கறுத்துவிட்டது. நகத்தால் சுரண்டப் போனேன். கை வரவில்லை. துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் கடைக்கு வந்த எல்லோரையும்போல நானும் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். மைசூரில் கடைக்காரர் யாரானாலும் அண்ணாதானே. நீங்கள் என்னை ‘லைப்ரரி சார்’ என்றீர்கள். நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவன் என்பதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பெயரே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டின் பூக்கடைகளுக்கு எதிர்ச் சந்தில் உங்கள் கடை. வாசலுக்கு மேலே அந்தக் கணினிக் கம்பெனியின் நீல போர்டு, கடையைவிட அகலமாக. “போர்டு பெரிசு, கடை சிறிசு சார். உள்ளே வந்துட்டா திரும்பிப் போக இடம் கிடையாது” என்று முதல் நாளே சொன்னீர்கள். நான் திரும்பித்தான் போனேன். ஒரு கணினி வாங்குவதற்குள் எத்தனையோ தடவை வந்து, துண்டுக் காகிதத்தில் எழுதிவந்த கேள்விகளைக் கேட்டேன். கடைசியில் ஒருநாள், “சார், பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டீங்க” என்றீர்கள். கேட்கவில்லைதான். அன்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வேறு கடைக்குப் போகவில்லை, வேறு கம்பெனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நீங்கள் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கடைக்கு வருகிற புது ஆட்களிடம், “இவரைப் பாருங்க, நம்ம கடையோட தூண்” என்று என்னைக் காட்டுவீர்கள். எனக்கு உள்ளே கூசும். நான் முடிதிருத்துபவரை மாற்றாதவன். பேனா மையின் நிறத்தை மாற்றாதவன். மாற்றினால் ஏதாவது தவறாகிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நீங்கள் விசுவாசம் என்று நினைத்தபோது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் உங்கள் கடை இருக்கிற இருப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கணினியைப் பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, ப்ளோயரால் தூசியை ஊதித் தள்ளுவீர்கள். சந்தே புகை மூட்டமாகிவிடும். பூக்கடைப் பெண்கள் கன்னடத்தில் திட்டுவார்கள். பிறகு பொட்டு, கையில் ஒரு பொட்டலம் கடலைப்பொரி. இதற்கு நீங்கள் யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. “வருஷத்துக்கு ஒருதரம் பொறந்த வீட்டுக்கு வருது சார், அதுக்குப் போய் பில் போடுவாங்களா?” என்பீர்கள்.

அப்படி ஓர் ஆயுத பூஜைக்குத்தான் கம்பெனியின் ஏரியா மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்தார்.

அந்த வருடம் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்திருந்தது. புதிதாக வாங்குகிறவர்களைக் கொண்டுவராத கடைக்கு இனி போர்டு இல்லை. போர்டு போனால் அசல் உதிரிபாகம் வராது, கம்பெனியின் பெயரைச் சொல்லி விற்க முடியாது, உங்கள் கடை வெறும் ரிப்பேர் கடையாகிவிடும். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். “பழைய கஸ்டமருங்களை வந்து பாருங்க சார், பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க” என்று நீங்கள்தான் அவரை வற்புறுத்தி வரவழைத்தீர்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் என்னிடம் தனியாக, “நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் சார். ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க” என்றீர்கள். பயத்தில் நான் வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு வார்த்தையை எழுதி மனப்பாடம் செய்தேன்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். சின்ன வயது, மரியாதையான ஆள். புகை மூட்டத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கூட்டமெல்லாம் சரிங்கண்ணா. இதுல இந்த வருஷம் புதுசு வாங்கினவங்க யாரு?”

“இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வாங்குவாங்க சார். இவங்க எங்கே போயிடப் போறாங்க?”

“அதாங்கண்ணா பிரச்சினையே. எங்கேயும் போகாதவங்களுக்கு கம்பெனி எதுக்குச் செலவு பண்ணணும்?”

கூட்டத்தில் ஒருவர், “அப்போ போயிட்டு வந்தா கவனிப்பீங்களா சார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. ப்ளோயரை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினீர்கள். “இவரைக் கேளுங்க. நம்ம லைப்ரரி சார். பொய் சொல்லத் தெரியாது.”

“மெஷின் எப்படி சார் இருக்கு?”

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். “ரொம்ப நல்லா இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து ஒரு குறையும் இல்லை.”

“சந்தோஷம் சார். அடுத்தது எப்போ வாங்கறதா இருக்கீங்க?”

இதற்கு நான் தயார் செய்திருக்கவில்லை. ஆனால் பதில் உடனே வந்தது. உங்களைப் பெருமைப்படுத்தும் பதில் என்று நினைத்தேன். “அடுத்ததா? எதுக்கு? இவர் பாத்துக்கற வரைக்கும் இது என் ஆயுசுக்கும் போதும்.”

கூட்டம் கை தட்டியது. ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், “எனக்கும் அப்படித்தான்!” என்று உரக்கச் சொன்னார். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர், “எனக்கும், எனக்கும்” என்றார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. மேனேஜர் தன் பையின் ஜிப்பை மெதுவாக மூடி, “இதைத்தாங்கண்ணா நான் சொன்னேன்” என்றபோதுதான் புரிந்தது.

ப்ளோயரை மறுபடி ஓட்டி அடுத்த கணினியின் மேல் குனிந்தீர்கள். போகும்போது மேனேஜருக்கும் கடலைப்பொரி கொடுத்தீர்கள்.

போர்டைக் கழற்றிய அன்று நான் அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியாது. சந்துக்குள் திரும்பியபோது இரண்டு ஆட்கள் ஏணியில் நின்று திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கடைக்கு வரத் தைரியம் இல்லை. எதிரே பூக்கடையில் உங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, வேண்டாத மல்லிகையைப் பேரம் பேசி வாங்கினேன். வீட்டில் மனைவி, “இன்னிக்கு என்ன விசேஷம்?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தேன். அதற்குள் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்குக் கிடைத்திருந்தது. வீட்டில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பாதிச் சோற்றில், அது தானாக வந்தது. நான் வாங்கியது ஒன்றுதான். ஆனால் என் மச்சினர் உங்களிடம்தான் வாங்கினார். நூலகத்தில் என் பக்கத்து மேஜை ஜயம்மா, மேல்கோட்டையில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த என் நண்பர், எதிர்வீட்டு டாக்டர், அவர் தம்பி என்று பலர் என்னிடம் கேட்டு உங்களிடம் வந்தவர்கள். மேனேஜர் தேடிய மாதிரிப் புது ஆட்கள் கடைக்கு வருவது இப்படித்தான். கேள்வி என்னைப் பற்றி மட்டும் இருந்ததால் என்னைப் பற்றி மட்டும் பதில் சொல்லிவிட்டேன். அட்டவணை போடுகிறவனின் புத்தி, கேட்ட கட்டத்தை மட்டும் நிரப்பும்.

இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“தெரியும் சார். எல்லாரும் ‘லைப்ரரி சார் சொன்னார்’னுதானே வந்தாங்க.”

“அப்போ அன்னிக்கு நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“நான் சொன்னா அது வியாபாரம் சார். நீங்க சொல்லியிருந்தா சாட்சி.” என் முகத்தைப் பார்த்தீர்களோ என்னவோ, உடனே சிரித்தீர்கள். “அய்யோ, விடுங்க சார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நான்தானே காரண்டி கொடுத்தேன்? வாங்க, காபி குடிக்கலாம்.”

அன்றைய காபிக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

அந்த மேனேஜர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று எனக்கு இன்றும் சில சமயம் தோன்றுகிறது. ஒரு தடவை வாங்கிவிட்டு ஆயுசுக்கும் போதும் என்கிறவனை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி பிழைக்கும்? தொழிற்சாலை ஓட வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். ஆனால் புதிதாக வாங்குகிறவர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பயந்து பயந்து கடைக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் பின்னால், “போய் வாங்கு, நான் வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது” என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். அவரை எப்படி எண்ணுவது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு மாதம் ஆனதே.

பிறகு கடையைப் பாதியாகத் தடுத்து, ஒரு பாதியை மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டீர்கள். பெரிய பெண் படிப்பை ஒரு வருடம் நிறுத்தி வேலைக்குப் போனாள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது. உங்களிடம் கேட்கத் துணியவில்லை. பழைய பாகங்களைத் தேடிப்பிடித்து என் கணினியை மட்டும் ஓட வைத்துக்கொண்டே இருந்தீர்கள். போன மழைக்காலத்தில் நீங்கள் இறந்துபோன அன்று உங்கள் வீட்டு வாசலில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர், பெட்ஷீட்டில் கணினி சுற்றிக்கொண்டு வந்த முகங்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். உங்கள் பெண்கள் இருந்த பக்கம் போகவில்லை.

உங்களுக்குப் பிறகு கணினி சில மாதங்கள்தான் தாங்கியது. முந்தாநாள் புதிது வாங்கப் போனேன். அதே கம்பெனியின் ஷோரூம். உள்ளே ஒரே குளிர். கவுண்டரில் இருந்த பெண் என் போன் நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

“சிஸ்டத்துல உங்க பேர் இல்லையே அங்கிள். ஃபர்ஸ்ட் டைம் கஸ்டமரா?”

“இல்லம்மா, நான் பழைய ஆள்.”

“எந்தக் கடை?”

உங்கள் கடையின் பெயரைச் சொன்னேன். தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு எனக்கு உதவுகிற குரலில், “புதுசுன்னே இருக்கட்டும் அங்கிள். புதுசுன்னாத்தான் டிஸ்கவுண்ட், பேக் எல்லாம் ஃப்ரீ. பழைய கஸ்டமருக்கு ஒண்ணும் இல்ல” என்றாள்.

நியாயமாக நான் மறுத்திருக்க வேண்டும். தலையாட்டினேன் அண்ணா. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். உங்கள் கடையை ஒரே கையெழுத்தில் இல்லாமல் செய்துவிட்டு, இலவசப் பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒருவர் தன் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகளில் சிமெண்ட் வெளுத்திருந்தது. கோபிநத்தம் பக்கம் ஊராம். இங்கே கட்டட வேலை. பெண் டிப்ளமோ சேர்ந்திருக்கிறாள், முதல் கணினி.

“ஏனுங்கய்யா, நீங்களும் இதேதான் வாங்கியிருக்கீங்களா? நல்லா உழைக்குங்களா?”

“உழைக்கும். எங்கிட்ட இருந்தது ரொம்ப வருஷம் உழைச்சுது.”

“ரிப்பேர் வந்தா ஆருகிட்டங்க கொண்டு போறது?”

“அப்பா, ஆன்லைன்ல கம்ப்ளெய்ண்ட் கொடுத்தாப் போதும்ப்பா” என்றாள் பெண்.

“ஆன்லைன்ல ஆரு கண்ணு வந்து பாக்கறது? நீ சும்மா இரு.”

நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. “தேவராஜ மொஹல்லாவில ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கொண்டு போங்க. லைப்ரரி சார் அனுப்பினார்னு சொல்லுங்க, பாத்துக்குவார்.”

அவர் முகம் தெளிந்தது. “அது போதுங்க” என்று எழுந்து, மகளைக் கூட்டிக்கொண்டு பணம் கட்டப் போனார்.

என்ன சொன்னேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அதுதான் என் சுபாவம். அவர் இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தச் சந்தில் வந்து நின்று தேடுவார், அப்போது நான் எங்கேயோ. வரிசையில் அவருக்கு முன்னால் ஒருவர்தான் இருந்தார். எழுந்து போனேன்.

“நான் சொன்ன ஆள் இப்போ இல்லை. தவறிட்டார். தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

அவர் கையில் பணத்தோடு என்னைப் பார்த்தார். “அப்பறம் ஆருகிட்டங்க போறது?”

“என்கிட்ட வாங்க. எனக்கு ரிப்பேர் தெரியாது. ஆனா கூட வரேன். எங்கே போகணுமோ அங்கே கூட வந்து நிக்கறேன்.” என் நம்பரைச் சொன்னேன். பெண் போனில் குறித்துக்கொண்டாள்.

“நீங்க கம்பெனி ஆளுங்களா?”

கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் மடியில் இருந்த பை இப்போது கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று உங்கள் கடையில், அத்தனை பேருக்கு நடுவில், இந்தக் குரல் எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது இங்கே, அதைக் கேட்க வேண்டிய நீங்கள் இல்லாத இடத்தில்.

“இல்லைங்க” என்றேன். “பழைய கஸ்டமர்.”